ஜோன்ஸ் என்ற பெயரில் சிலர்

பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்து கீர்த்தி பெற்றவர்களின் சரித்திர அகராதியை எடுத்து, ஜோன்ஸ் என்னும் பெயருக்கு உரிய பக்கங்களைப் புரட்டுகிறவருக்கு முதலில் ஏற்படுவது திகைப்பே. வட்டத்தின் கணக்குக்கு ஒரு கிரேக்க எழுத்தைக் குறியாக்கிய கணித ஆசிரியர், கல்கத்தாவில் அமர்ந்து சமஸ்கிருதம் கற்ற நியாயாதிபதி, அரசனுக்கு மாளிகை எழுப்பிய கட்டடக் கலைஞர், அமெரிக்கக் கொடியின் கீழ்ப் போர் புரிந்த கப்பற் தலைவர், நாவின் அசைவை அளந்து உயிரொலிகளுக்கு வரையறை கண்ட பேராசிரியர் என்று, ஒருவரோடு ஒருவர் எவ்விதத்திலும் ஒட்டாத மனிதர்கள் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கிறார்கள். இவர்களெல்லாம் ஒரு வம்சத்தாராக இருக்கக்கூடுமோ என்று ஐயுறுவது இயல்பு. ஆனால் இவர்களுள் தந்தையும் மகனுமாகிய இருவரை விட்டால், மற்றவர்கள் தமக்குள் உறவு கொண்டாடியவர்கள் அல்லர். பெயர் ஒன்றாயிருக்கிறதே தவிர, அது ஒவ்வொருவரிடமும் வந்து சேர்ந்த வழி வேறு. அந்த வழிகளைப் பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

இப்பெயரின் தாயகம் வேல்ஸ். அந்நாட்டில் பழங்காலத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. தாவித் என்பவருடைய மகன் ஹவெல் என்றால், அவன் 'ஹவெல் ஆப் தாவித்', அதாவது தாவிதின் மகன் ஹவெல். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அப்பிள்ளை தன் பெயரோடு ஹவெலைச் சேர்த்துக்கொள்வானேயன்றிப் பாட்டனைச் சேர்த்துக்கொள்வதில்லை. பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்தை இட்டு எழுதிப் பழகிய நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1536 முதல் 1543 வரையில் இயற்றப்பட்ட சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்ட பிறகு, நீதிமன்றங்களும் பதிவேடுகளும் ஆங்கில முறையை அனுசரிக்கத் தலைப்பட்டன. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர் குமாஸ்தாக்களுக்குத் தொல்லை. முதலில் செல்வந்தரும், நெடுங்காலம் கழித்துக் குடியானவரும், சில பிரதேசங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட, தாங்கள் அப்பொழுது தாங்கியிருந்த தந்தை பெயரையே நிரந்தரமான குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். ஆப் ரிச்சர்டு பிரிச்சர்டாகவும் ஆப் ஹவெல் பவெலாகவும் உறைந்தது இப்படித்தான். ஜான் என்ற பெயர் அங்கே மிகுதியாக வழங்கியபடியால், ஜானின் மக்களாகிய ஜோன்ஸ்கள் நாடெங்கும் நிறைந்துவிட்டார்கள். ஆகவே இரண்டு ஜோன்ஸ்களுக்கு இடையே உள்ள ஒற்றுமை, இருவருடைய முன்னோரிலும் எங்கோ ஒரு ஜான் இருந்தார் என்பதற்கு மேல் இல்லை.

இந்த உறைதல் ஒரு மனிதருடைய வாழ்விலேயே நிகழ்ந்ததைக் கணித ஆசிரியர் வில்லியம் ஜோன்ஸிடம் காணலாம். 1675இல் ஆங்கிள்சீ தீவில் பிறந்த இவருடைய தந்தை, ஊராரால் ஷோன் ஷோர் என்று அழைக்கப்பட்ட ஓர் எளிய விவசாயி. ஷோன் என்பது ஜானின் வேல்ஷ் வடிவம். மகன் பழைய வழக்கத்தையொட்டி ஜோன்ஸ் ஆனார். தருமப் பள்ளிக்கூடத்தில் இவர் காட்டிய கணிதத் திறமையைக் கண்ட உள்ளூர் நிலச்சுவான்தார் குடும்பத்தார், இவரை லண்டனில் ஒரு வியாபாரியின் கணக்கறையில் சேர்த்துவிட்டார்கள். பின்னர்ப் போர்க்கப்பலில் மாலுமிகளுக்குக் கணக்குக் கற்பித்து, கரை சேர்ந்து, காபிக் கடைகளில் பாடம் சொல்லிப் பிழைத்த இவர், 1706இல் கணிதம் பயிலத் தொடங்குவோருக்கென்று ஒரு நூல் வெளியிட்டார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை நூறு தசம ஸ்தானங்களுக்கு மேல் கணித்திருந்த நண்பர் ஜான் மச்சினைப் பாராட்டி, அந்த இலக்கங்களை அச்சிட்ட இடத்தில், முடிவே இல்லாத அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருப்பானேன் என்பதுபோல, 'பை' என்னும் கிரேக்க எழுத்தை அதற்குக் குறியாக வைத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் மாமேதை ஆய்லர் அதை எடுத்தாண்ட பிறகே உலகம் முழுவதும் அது பரவிற்று. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எழுதும் அந்தக் குறியைத் தந்தவர் யார் என்று கேட்டால், ஆய்லர் என்றே பலர் சொல்லுவார்கள். நியூட்டனுடைய கணிதக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றைத் தேடித் தொகுத்து 1711இல் அச்சேற்றியவரும் இந்த ஜோன்ஸே.

இவர் 1749இல் காலமானபோது மகன் வில்லியத்துக்கு வயது மூன்று நிரம்பவில்லை. மேஜை நாற்காலி செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகளான தாய் மேரிதான் பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார். தந்தையின் கணிதம் மகனிடம் இறங்கவில்லை. இறங்கியது பெயர் ஒன்றுதான். ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, இருபத்தைந்து வயதில் பாரசீக இலக்கணம் ஒன்று எழுதி வெளியிட்டு, வயிற்றுப்பாட்டுக்காகச் சட்டம் பயின்று, 1783இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் நியாயாதிபதியாக வந்து சேர்ந்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ். அடுத்த ஜனவரியிலேயே ஆசியக் கழகத்தை ஸ்தாபித்தார். தர்ம சாஸ்திரத்துக்குப் பண்டிதர்கள் கூறும் பொருளை அப்படியே ஏற்றுத் தீர்ப்பளிப்பதில் அவருக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. நேரில் படித்தறிய வேண்டும் என்று கிருஷ்ணநகருக்குச் சென்றார். பிராமண பண்டிதர்கள் அந்நியருக்குக் கற்பிக்க உடன்படாதபோது, ராமலோசனர் என்ற வைத்திய குலத்துப் பண்டிதர் ஆசிரியராக வாய்த்தார். நீதிமன்றத் தேவைக்காகத் தொடங்கிய படிப்பு, காளிதாசனில் கொண்டுபோய் விட்டது. சாகுந்தலத்தை முதலில் சொல்லுக்குச் சொல் லத்தீனில் பெயர்த்து, அந்த லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொணர்ந்து, 1789இல் கல்கத்தாவில் அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில் அது ஜெர்மன் பாஷைக்குச் சென்று கதேயை மெய்ம்மறக்கச் செய்தது.

1786 பிப்ரவரி 2ஆம் தேதி ஆசியக் கழகத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவே அவருடைய புகழுக்கு ஆதாரம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும், ஒருவேளை இப்பொழுது இல்லாமற் போய்விட்ட ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இக்கருத்தை அவரே முதன்முதலில் கண்டார் என்று பாடநூல்கள் எழுதுவது நியாயமன்று. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கெர்தூ, 1767ஆம் ஆண்டிலேயே இவ்வொற்றுமைகளைத் தொகுத்துப் பாரிஸிலிருந்த அறிஞர் கழகத்துக்கு அனுப்பியிருந்தார். அவர்களோ அதை நாற்பது ஆண்டுகள் அச்சிடாமல் வைத்திருந்தார்கள். சமஸ்கிருதக் குடும்பத்தில் தமிழும் தெலுங்கும் சேரமாட்டா என்பதை நிறுவும் பணி, 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸுக்குக் காத்திருந்தது. ஜோன்ஸ் 1794இல், நாற்பத்தேழாம் வயதில், கல்கத்தாவிலேயே மறைந்தார். இவரைப் பிரெஞ்சு மன்னருக்கு அறிமுகம் செய்துவைத்தவர், உலகத்துப் பாஷைகளையெல்லாம் அறிந்தவர், தம் சொந்தப் பாஷையைத் தவிர என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. லண்டனில் பிறந்த மகனுக்கு ஆங்கிள்சீ விவசாயி ஷோன் ஷோர் பேசிய வேல்ஷ் அந்நிய பாஷையாகிவிட்டிருந்தது.

கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் காலத்தால் இவர்களுக்கு முந்தியவர். 1573இல் லண்டனில், வேல்ஸிலிருந்து வந்த ஒரு துணித்தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இத்தாலி சென்று பல்லாடியோவின் கட்டடங்களையும் நூலையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, அவருடைய நூலின் ஓரங்களிலெல்லாம் குறிப்பெழுதி நிரப்பியவர். 1622இல் முடிந்த வைட்ஹால் விருந்து மண்டபம் இவருடைய கைவண்ணம். அந்த மண்டபத்தின் எதிரே நட்ட மேடையில்தான் 1649 ஜனவரியில் சார்லஸ் மன்னரின் தலை வெட்டுண்டது. அரசவையில் நடைபெற்ற நாட்டியக் களியாட்டங்களுக்கு இவர் காட்சிகள் அமைக்க, பாட்டும் வசனமும் எழுதியவர் பென் ஜான்சன். கவிக்குப் பெருமையா, காட்சிக்குப் பெருமையா என்ற விவகாரத்தில் இருவரும் தீராப் பகைவர்களானார்கள். ஜான்சன் என்பதற்கும் ஜானின் மகன் என்றே பொருள் என்பது ஒரு வேடிக்கை.

ஜான் பால் ஜோன்ஸின் பெயரோ பிதிரார்ஜிதமே அல்ல. ஸ்காட்லாந்தில் ஒரு தோட்டக்காரருக்கு 1747இல் பிறந்த இவருக்கு இட்ட பெயர் ஜான் பால் மட்டும். வியாபாரக் கப்பலின் தலைவராகத் தொபேகோ தீவில் இருந்தபோது, 1773இல், சம்பளத் தகராறில் எதிர்த்துவந்த மாலுமி ஒருவன் இவருடைய வாளுக்கு இரையானான். வழக்குக்கு அஞ்சி வர்ஜீனியாவுக்கு ஓடினவர், ஜோன்ஸ் என்பதை ஒட்டவைத்துக்கொண்டார். ஊரில் ஆயிரக்கணக்கானோருக்கு உள்ள பெயரைவிட நல்ல மறைவிடம் வேறென்ன வேண்டும்? ஆனால் 1779இல் இங்கிலாந்தின் கரைக்கெதிரேயே 'செராபிஸ்' என்ற போர்க்கப்பலைத் தாம் பிடித்து, தம் கப்பல் மூழ்கிப்போக, வென்ற கப்பலிலேயே ஏறித் திரும்பியபோது, ஒளிவதற்கென்று எடுத்த அந்தப் பெயர் உலகெங்கும் பரவிற்று.

டானியல் ஜோன்ஸை எனக்கு மிகவும் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, பாரிஸ்டராகி, ஒரு வழக்கும் நடத்தாமல், லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் ஒலியியல் கற்பிக்கப் புகுந்தவர். வாய்க்குள் நா எங்கே நிற்கிறது என்பதை ஊகமாகச் சொல்லுவதில் திருப்தி கொள்ளாமல், நாவின்மேல் மெல்லிய ஈயச் சங்கிலியைக் கிடத்தி, உயிரொலியை உச்சரிக்கும்போது எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்தார். எலும்பைக் காட்டும் கதிரில் சதையாகிய நா தெளிவாகத் தெரியாது. சங்கிலியின் நிழல் வளைவே நாவின் வளைவாகப் படத்தில் விழுந்தது. இங்கிலீஷ் உச்சரிப்பு அகராதியை 1917இல் வெளியிட்டார். பெரேரா என்ற இலங்கையருடன் சேர்ந்து பேச்சுச் சிங்களத்துக்கு 1919இல் ஒரு வாசகப் புத்தகமும் எழுதினார். அவருடைய துறையின் சோதனைச் சாலையைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டீபன் ஜோன்ஸ் என்பவர், சொந்தக்காரர் அல்லர்.

வேல்ஷ் பாஷை பிழைத்ததற்கும் ஒரு ஜோன்ஸே காரணம். கிரிஃபித் ஜோன்ஸ் என்ற கிராமப் பாதிரியார், ஒவ்வொரு ஊரிலும் சில மாதங்கள் தங்கி எழுத்தறிவித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகரும் ஆசிரியர்களைக் கொண்டு, 1761இல் தாம் இறப்பதற்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நடமாடும் பள்ளிகளை நடத்தினார். பாடம் வேல்ஷில், நூல் விவிலியம். அவ்வாறு எழுதப் படிக்கக் கற்ற மக்களின் பாஷைக்குத் திட்டமான இலக்கணத்தை 1913இல் வெளியிட்டவர், பாங்கர் கல்லூரிப் பேராசிரியர் ஜான் மோரிஸ் ஜோன்ஸ். சர் வில்லியம் அறியாத பாஷைக்கு, அவருடைய தந்தை பிறந்த அதே ஆங்கிள்சீத் தீவிலிருந்து ஒரு ஜோன்ஸ் இலக்கணம் செய்தார்.

அவர் பெயரின் நடுவே நிற்கும் 'மோரிஸ்' வெறும் அலங்காரம் அல்ல. ஒரு வகுப்பில் ஐந்து ஜான் ஜோன்ஸ்கள் இருந்தால் என்ன செய்வது? படித்தவர்கள் தகப்பனார் பெயரையோ தாய்வழிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்த்து இரட்டைப் பெயராக்கிக்கொண்டார்கள். கிராமத்தார் பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துச் சமாளித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வேல்ஷ் பற்று மிகுந்த குடும்பங்கள் சில, ஜோன்ஸை அடியோடு விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மீண்டும் 'ஆப்' என்று தகப்பனார் பெயரையே சேர்த்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கின்றன.