கொழுந்து மூச்சுவிடும் ஸ்டோர்

இலங்கையின் நுவரெலியாவுக்கு ரயிலில் வருகிற வெளிநாட்டுப் பயணி, நானுஓயாவில் இறங்குவதற்குள் கைப்பேசியைப் படங்களால் நிரப்பியிருப்பார். அவற்றில் பாதியில் ஒரு கட்டடம் நின்றிருக்கும். தகரச் சுவர், மூன்று நான்கு மாடி, ஒவ்வொரு மாடியிலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாக ஜன்னல்கள். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம், தேயிலைத் தொழிற்சாலை. குளிர்ப் பிரதேசத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னலைக் குறைப்பார்கள். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் இத்தனை ஜன்னல் எதற்கு?

கனமான இயந்திரங்கள் எல்லாம் கீழ்த்தளத்தில். மேல் மாடிகளில் அந்தக் காலத்தில் இயந்திரமே இருக்காது. சாக்குத்துணி கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் கொழுந்தைப் பரப்பி ஜன்னல்களைத் திறந்துவிட்டால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மழை நாளில் மட்டும் கீழிருந்து சூடான காற்றை விசிறி வைத்து மேலே இழுப்பார்கள். இன்று நீளமான தொட்டிகளும் அவற்றின் அடியில் மின்விசிறிகளும் வந்துவிட்டன. ஜன்னல்கள் பழைய ஏற்பாட்டின் மிச்சம். கந்தப்பளையில் அப்படியொரு ஸ்டோரை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாடிக் கிடந்த மாடிகளில் இப்போது வெளிநாட்டு விருந்தினர்கள் தூங்குகிறார்கள்.

சரி, காற்று எதற்கு? பறித்த கொழுந்து உயிரோடு இருப்பதால்தான். இரண்டு இலையும் ஒரு அரும்பும் செடியிலிருந்து வந்த பிறகும் பல மணி நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். சர்க்கரையை எரித்துக் கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே தள்ளும். நம்பாதவர்கள் மலையோரத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் கொழுந்துச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கலாம். வெளியே ஸ்வெட்டர் கேட்கும் குளிர், உள்ளே வெதுவெதுப்பு. இறுக்கிக் கட்டிய சாக்கில் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற இலை இன்னும் வேகமாக மூச்சுவிடும், சூடு இன்னும் ஏறும். கடைசியில் கொழுந்து சாக்குக்குள்ளேயே சிவந்து கெட்டுவிடும். நாளுக்குப் பல முறை நிறுவை போடுவதும், லொறிக்காரர் அவசரப்படுவதும், கங்காணி சத்தம் போடுவதும் இதற்காகத்தான். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கொழுந்தின் எடையோ மிகக் குறைவு. அத்தனை விரல் வேலையும் ஒரு மணி நேர அலட்சியத்தில் வீணாகிவிடும்.

ஸ்டோரில் பரப்பிய கொழுந்து இராமுழுக்க வாடுகிறது. வரும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் கணிசமான பங்கு காற்றோடு போகிறது. ஆனால் தண்ணீர் குறைவது மட்டுமே வாட்டம் என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரிந்தது என்று அர்த்தம். உணவு வராமல் தவிக்கும் இலை தன் புரதங்களை உடைத்து அமினோ அமிலங்களாக்குகிறது. வாசனைப் பொருள்கள் அதுவரை சர்க்கரை மூலக்கூறுகளோடு கட்டப்பட்டு வாசமில்லாமல் கிடக்கும். அந்தக் கட்டுகள் இப்போது அவிழத் தொடங்குகின்றன. வாட்டம் போதுமா என்று பார்க்க இன்றும் சுலபமான சோதனை கைதான். ஒரு பிடி அள்ளிப் பந்தாக அமுக்க வேண்டும். உடனே விரிந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. பிடித்த பிடியில் நின்று, காம்பு முறியாமல் வளைந்தால் கீழே அனுப்பலாம்.

கீழே உருட்டும் இயந்திரம் செய்வது கொஞ்சம் முரட்டு வேலை. இலையின் ஒவ்வொரு செல்லிலும் கேட்டிசின்கள் என்ற வேதிப்பொருள்கள் ஒரு அறையில் பூட்டியிருக்கும். பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேறொரு அறையில். உருட்டினால் சுவர்கள் உடைகின்றன. நொதியும் கேட்டிசினும் காற்றின் ஆக்சிஜனும் ஒன்றுசேர்ந்து, பளிச்சென்ற நிறம் தரும் தியாஃபிளேவினும் செம்பழுப்பு தரும் தியாரூபிஜினும் பிறக்கின்றன. நுண்ணுயிர் எதற்கும் இதில் வேலையில்லை. பச்சை இலை கண்ணெதிரே செம்பு நிறமாகிறது. சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி நொதியை அழிக்க வேண்டும். முந்தினால் பச்சை நெடி; பிந்தினால் சாயம் மங்கும்.

இதே நொதியை வேறு விதமாக நடத்தும் இடமும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள தாலி, பாய் இன மக்களின் பழைய நகரம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம் என்றால் தாலி ஏறக்குறைய 2,000. அங்கே விருந்தினருக்கு மூன்று கோப்பை தேநீர் கொடுப்பது மரபு. சிறு மண்சட்டியில் இலையை வறுத்து இறக்கிய கசப்பு முதலில். சர்க்கரையும் வால்நட்டும் சேர்ந்த இனிப்பு இரண்டாவது. தேனும் இஞ்சியும் சீன மிளகும் போட்டது மூன்றாவது. தேயிலைச் செடியின் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். அங்கே பூஅர் தேயிலைக்குப் பறிக்கும் இலையைச் சீக்கிரமே வாணலியில் சூடாக்கி நொதியின் வேகத்தை அடக்கிவிடுவார்கள். நாம் அந்த நொதியை ஓடவிட்டு, பிறகு அழிக்கிறோம். ஒரே இனச் செடி, ஒரே நொதி. அதற்கு முடிவு கட்டும் நேரம் மட்டும் வேறு.

இந்தச் செடி நம் மலைகளில் பரவியதே ஒரு நோயின் தயவால் எனலாம். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் நடந்து வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பாதையை 2023இல், அவர்கள் வந்ததன் இருநூறாம் ஆண்டு நினைவாக மறுபடி நடந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. பிறகு கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது. பிடுங்கவும் நடவும் அதே கைகள்தான்.

காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் உலர்ந்து குளிர்ந்து இறங்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஹட்டனை நனைக்கும். கிழக்குப் பக்கமுள்ள ஊவாவில் உலர்காற்று வீசும். வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்கிறது, வாசம் கூடுகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு மெத்தில் சாலிசிலேட் ஒரு முக்கியக் காரணம். தசைவலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் அதே பொருள். பூச்சி கடித்தாலோ நோய் தாக்கினாலோ செடிகள் எழுப்பும் அபாயச் சமிக்ஞைகளில் அதுவும் ஒன்று. செடி பட்ட கஷ்டத்துக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கிறது. பறித்தவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது தனிக் கட்டுரை.

பயணிகளைப் பகலில்தான் ஸ்டோருக்குள் அழைத்துப் போகிறார்கள். உருட்டும் இயந்திரத்தின் முன்னால் படம், பிறகு கடை. வாட்டும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் அரை மணி நேரம் நிற்க வேண்டும்; முடிந்தால் விடியுமுன் போக வேண்டும்.

பாக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் 100 ஆகும். அதே தேயிலை, அதே அளவு, அதே நிமிடங்கள் என்றாலும் அங்கே சாயமும் கசப்பும் தூக்கலாக இறங்கும். ஊருக்குப் போனதும் இங்கே குடித்த ருசி வரவில்லை என்று கடைக்காரர்மேல் சந்தேகப்பட வேண்டாம். அரை நிமிடம் முன்னால் வடிகட்டிப் பாருங்கள்.