சத்திரக்காரனின் வேலை

ஹைதராபாத்தில் தெருவில் கிடப்பவருக்கு எப்படியும் ஒருவேளைச் சோறு கிடைத்துவிடும். நாம்பள்ளி யூசுஃபைன் தர்கா வாசலில், அதுவும் வியாழக்கிழமை என்றால், யாராவது பொட்டலம் நீட்டுவார்கள். குருத்வாராக்களில் லங்கர் என்ற இலவசப் பந்தி உண்டு. டபீர்புரா மேம்பாலத்தின் கீழே 2012 முதல் மதியச் சாப்பாடு போட்டுவருகிறார் அசர் மக்சூசி. சிறுவயதில் தந்தையை இழந்து, பட்டினி அறிந்து வளர்ந்தவர். பந்தியில் மதம் கேட்பதில்லை.

படுக்க இடம்தான் கிடைப்பதில்லை. சோறு போடுகிறவர் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இடம் கொடுத்தால் அந்த ஆள் நாளைக்கும் இருப்பார், அவருக்கு நள்ளிரவில் வலிப்பு வரும், ஒருநாள் இறந்தும் போவார்.

அல்வால் பக்கம் 'செகண்ட் சான்ஸ்' என்ற பெயரில் இல்லம் நடத்தும் 'குட் சமாரிட்டன்ஸ் இந்தியா'வை ஜார்ஜ் ராகேஷ் பாபு 2011-இல் தொடங்கினார். சாலையோரம் கைவிடப்பட்ட முதியோரும் நோயாளிகளும்தான் அங்கே வருகிறவர்கள். பெயர் லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் கதையிலிருந்து வந்தது. அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிப்போய் ஒரு சத்திரத்தில் சேர்க்கிறான், இரண்டு தினாரி கொடுத்துவிட்டுக் கிளம்புகிறான். அதன்பின் அவனைப் பார்த்துக்கொண்ட சத்திரக்காரனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. என்னைக் கேட்டால் அல்வாலில் நடப்பது சத்திரக்காரனின் வேலை.

புழு வைத்த காலைக் கழுவிக் கட்ட வேண்டும். பேசுவது ஒடியாவா வங்காளமா என்று பிடிபட்டால்தான் ஊரைத் தேட முடியும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் "கூட யார்?" என்பதே முதல் கேள்வி. ஆதார் அட்டை அடுத்தது. மதம் சார்ந்த இல்லம் என்றால், ஜெபத்துக்கு வந்தால்தான் கட்டிலா என்ற சந்தேகமும் எழும். மறுத்துப் பேச முடியாதவரை வைத்துப் பராமரிக்கும் இடத்தில் அதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பவர்கள் காலைக் கழுவவும் ஒருநாள் வந்தால் நல்லது.

அரசு என்ன செய்கிறது? ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2010 உத்தரவு. 2011 கணக்கெடுப்பில் ஹைதராபாத் மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 68 லட்சம். திறக்கப்பட்டவை தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. 2017 நவம்பரில், இவாங்கா டிரம்ப் வந்த உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு, போலீஸ் இரண்டு மாதம் பிச்சைக்குத் தடை போட்டது. பிடிபட்ட ஆண்களுக்குக் காட்டிய இடம் சஞ்சல்குடா சிறை வளாகத்து 'ஆனந்த ஆசிரமம்'.

ஆக, மிச்சம் சத்திரக்காரர்கள் தலையில். பிறந்தநாளுக்குப் பிரியாணி தர ஆள் கிடைக்கும். இரவில் விழித்திருந்து டயப்பர் மாற்றும் ஆயாவின் சம்பளத்துக்குத்தான் மாதாமாதம் அலைய வேண்டியிருக்கிறது.