ஒரு 48-ஆ, இரண்டு 24-ஆ? கடமலைக்குண்டில் ஒரு சுவிட்ச் கணக்கு

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின் மதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் வேகம் என்பது இலக்கு. வகுத்தால் ஓர் ஊராட்சிக்கு ஏறக்குறைய 14.5 லட்சம். கடமலைக்குண்டைத் தலைமையிடமாகக் கொண்ட கடமலை-மயிலை ஒன்றியத்தில் 18 ஊராட்சிகள், சராசரிப்படி 2.6 கோடி ரூபாய்.

இவ்வளவு செலவழித்து வாசலுக்கு வரும் இணைப்பை அறை அறையாகப் பிரித்துக் கொடுப்பது சுவிட்ச். அங்கே கஞ்சத்தனம் காட்டினால் வெளியே போட்ட பணமும் வீண்.

ஓர் அலுவலகத்தில் 20 கணினி, 10 ஐபி போன், 8 கேமரா, 4 வைஃபை பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42 இணைப்பு. ஒரே 48 போர்ட் சுவிட்ச் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

மின்சாரக் கணக்கில் அது இடிக்கிறது. போனும் கேமராவும் வைஃபையும் நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் வாங்குபவை. உச்சவரம்பில் போட்டால் போன், கேமரா 18-க்குத் தலா 15.4 வாட், வைஃபை 4-க்குத் தலா 30 வாட்: 277.2-உம் 120-உம் சேர்ந்து 397.2 வாட். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 48 போர்ட் மாடல் ஒன்று தருவது 370 வாட்தான். அதே 370 வாட் 24 போர்ட் மாடலிலும் உண்டு. இரண்டு வாங்கினால் 740. போர்ட் எண்ணிக்கை மாறவில்லை, மின்சாரம் இரட்டிப்பு.

அந்த இரண்டையும் ஸ்டாக் செய்தால் ஒரே சுவிட்சாக நடக்கும்: ஒரு ஐபி முகவரி, ஒரு கான்ஃபிகரேஷன். பின்புறம் 2 கேபிள் வளையமாக இணைக்கும்; ஒன்று அறுந்தாலும் வேகம் குறையுமே தவிர வேலை நிற்காது. இரண்டும் கழன்றால்தான் வினை. இரு பெட்டிகளும் தலைமை தனக்கே என்று ஒரே முகவரியைப் பிடித்துக்கொள்ளும். கனெக்டரின் திருகுகளைக் கையால் முழுக்க முடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

ஸ்டாக் வேகத்தைக் காட்டி மயக்குவார்கள். 2003-இல் வந்த சிஸ்கோ 3750-க்கு 32 ஜிபிபிஎஸ், 2960-எக்ஸுக்கு 80, 9300-க்கு 480. உள்ளே வருவதே 1 ஜிபிபிஎஸ் என்னும் இடத்தில் 480-க்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கொடுக்க வேண்டியது பழுதைத் தாங்கும் தன்மைக்கு. ஒற்றை 48 செத்தால் 42 இணைப்பும் இருட்டு. இரண்டில் ஒன்று செத்தால் 21 உயிரோடு இருக்கும். மாற்றுப் பெட்டி மதுரையிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் தாண்டி வரும்வரை அந்த 21 பெரிய காரியம். கேமராக்களை நான்கு நான்காகப் பிரித்துச் சொருக வேண்டும். எல்லாவற்றையும் மேல் பெட்டியிலேயே அடைத்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

கரண்ட் போனால்? இரு சுவிட்சுக்கும் சொந்தச் செலவு 100 வாட், கருவிகள் நடைமுறையில் இழுப்பது 150 வாட் என்று கொண்டால் 250. 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி 1,800 வாட்-மணி. நஷ்டம் போக முக்கால் பங்கு 1,350. ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் தாங்கும்.

கொட்டேஷனில் இரண்டைக் கவனியுங்கள். 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? லட்சத்துக்கு 18,000 அது. அடுத்து, ஸ்டாக் மாட்யூலும் கேபிளும் தனி விலையா? சில மாடல்களில் அவை கிடையாது. அவற்றில் 4 அப்லிங்க் போர்ட்டில் 2-ஐ ஸ்டாக்கே தின்றுவிடும்.

ஃபர்ம்வேர் ஏற்றினால் சாதாரணமாக இரண்டும் சேர்ந்தே ரீஸ்டார்ட் ஆகும். அலுவலக நேரத்தில் தொடாதீர்கள். தலைமையையும் தற்செயலுக்கு விடாமல், சிஸ்கோ என்றால் மேல் பெட்டிக்கு பிரையாரிட்டி 15, கீழ்ப் பெட்டிக்கு 14 என்று முதல் நாளே கொடுத்து, பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.