ஊன்றிய கால் இற்றுப்போகாமல் நிற்க

பிழைப்பை நாடி மலையின் இந்தப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் வீடு என்பது ஒரே ஆண்டில் எழுந்ததன்று. சுவர் ஓர் ஆண்டு, கூரை மறு ஆண்டு, மாட்டுக் கொட்டகையும் வேலியும் அதற்கடுத்த ஆண்டு என்று கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பியதாகும். அத்தகைய கொட்டகையின் ஒரு கால் ஆடி மாத மழையில் அடியோடு முறிந்தால், சாய்வது மரம் மட்டுமன்று. அதன் கீழ் நிற்கும் கறவை மாடும், அதை நம்பியிருக்கும் குடும்பத்தின் வரவும் சேர்ந்தே சாய்கின்றன. ஆகவே, மண்ணில் ஊன்றும் மரக்காலை இற்றுப்போகாமல் காக்கும் வழியை நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

“எங்கள் ஊரில் இதே கட்டை பல ஆண்டு நின்றதே; இங்கு மட்டும் ஏன் விரைவில் இற்றுவிடுகிறது?” என்று வியப்போர் உண்டு. காரணம் மழையே. மூணாறு மலைகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அங்கிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும்போது வரும் சின்னாற்றிலோ சுமார் 500 மில்லிமீட்டர்தான். பாலக்காட்டிலும் அவ்வாறே, நெல்லியாம்பதி மலையின் ஈரம் வேறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தின் வறட்சி வேறு. வறண்ட ஊரில் கற்ற வழக்கத்தை ஈர மண்ணில் அப்படியே கையாண்டால் பொருள் நட்டமாகும்.

மரம் தானாக இற்றுப்போவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணம் அதைத் தின்கிறது. அதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம், உணவாக மரம் ஆகிய நான்கும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் அது வளர்வதில்லை. அதுபோலவே காற்று இல்லாவிடினும் அது வாழ இயலாது. கிணற்றின் அடியில் இடும் நெல்லிப் பலகை நெடுங்காலம் கெடாதிருப்பதை நாம் அறிவோம். நீரில் அமிழ்ந்த மரத்துக்குப் போதிய காற்று எட்டாதது அதற்கு ஒரு காரணம். நட்ட காலிலோ, ஈரமும் காற்றும் ஒருங்கே கூடும் இடம் நிலமட்டமே. அதற்கு மேல் ஒரு சாணும் கீழ் ஒரு முழமுமே ஆபத்தான பகுதி. மேலே வலுவாகத் தோன்றும் கால் அந்த இடத்தில்தான் முறிகிறது. கறையானும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே ஏறுகிறது.

முதலாவது, மரத்தைத் தேர்தல். டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வைரக் கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அவை எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்த்து மரங்களைத் தரம் பிரித்துள்ளனர். 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குவது முதல் தரம். 60 மாதத்திற்குள் கெடுவது கடைத் தரம். தேக்கும் இருளும் முதல் தரத்தைச் சேர்ந்தவை. ரப்பர் மரம், இலவு, மா போன்றவை மருந்தேற்றாமல் மண்ணில் ஊன்றத் தக்கவை அல்ல. தேக்கென்றாலும் வைரம் பாய்ந்த உட்பகுதியே தாங்கும். வெளியேயுள்ள வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் விரைவில் கெடும். இளந்தேக்குக் கம்பில் பெரும்பகுதி வெள்ளையே ஆதலால், பெயரைக் கேட்டு ஏமாறலாகாது.

இரண்டாவது, மருந்தேற்றுதல். பட்டையை உரித்து, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே இதைச் செய்ய வேண்டும். 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பார், நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். இருப்புப்பாதைக் கட்டைகள் நெடுநாள் உழைத்தது இம்முறையால்தான். நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 1933-இல் சொண்டி காமேசம் என்னும் இந்தியப் பொறியியல் அறிஞர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றின் உப்புகளைக் கலந்து, மழையில் எளிதில் கரைந்து போகாத மருந்தொன்றைக் கண்டார். அது உலகெங்கும் பரவியது. எனினும் ஆர்சனிக் நஞ்சாதலால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோக மரங்களில் அதைப் பெரும்பாலும் கைவிட்டனர். அம்மருந்தேற்றிய பழைய கட்டையை அடுப்பில் எரித்தல் கூடாது. அதன் புகையும் சாம்பலும் தீங்கானவை. மாட்டுத் தொட்டிக்கும் அது ஆகாது.

வீட்டளவில் செய்யும் சில வழக்கங்களைப் பற்றியும் கூற வேண்டும். அடியை நெருப்பில் கருக்கி நடுவது பழைய வழக்கம். அது மேற்பரப்போடு நிற்பதால், வெடிப்பு வழியே ஈரம் உள்ளே நுழைந்துவிடும். தார் பூசுவதும் உலர்ந்த மரத்துக்கே ஓரளவு பயன் தரும். பச்சைக் கட்டையில் பூசினால் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்ததாக முடியும். வெங்காரக் கரைசல் வீட்டினுள் இருக்கும் மரத்துக்கு நன்று. மண்ணிலோ மழைநீர் அதைக் கரைத்துவிடும். வண்டிகளின் கழிவெண்ணெயை ஊற்றுவோர், அது மண்ணையும் அருகிலுள்ள கிணற்றையும் கெடுக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஊன்றும் முறை. குழியின் அடியில் சரளைக் கல் பரப்பி, அதன்மேல் காலை நிறுத்தி, சுற்றிலும் சரளையை இட்டுக் கெட்டித்தல் நன்று. காலைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்தால் மழைநீர் தேங்காமல் வெளியே ஓடும். காலின் தலையைச் சரிவாக வெட்டி, ஒரு தகரத் துண்டால் மூடுக. சிமெண்டுக் கலவை இடுவோர் அடிப்பகுதியையும் சேர்த்து அடைத்துவிடலாகாது. அடைத்தால் அது நீர் நிற்கும் கிண்ணமாகி, காலை இன்னும் விரைவில் அழிக்கும்.

வீட்டுத் தூணுக்கோ இவை அனைத்திலும் மேலான வழி ஒன்றுண்டு. மரத்தை மண்ணில் படவே விடாதிருத்தல். நம் முன்னோர் திண்ணைத் தூண்களைக் கற்பீடத்தின்மேல் நிறுத்தியது அழகுக்காக மட்டுமன்று. வேலிக்கோ, உயிருள்ள காலே சிறந்தது. கிளுவை, சீமைக்கொன்றை, முள்முருங்கை ஆகியவற்றின் போத்துகளை மழைத் தொடக்கத்தில் நட்டால் அவை வேரூன்றித் தழைக்கும். உயிருள்ள மரத்துக்கு இற்றுப்போகும் அச்சம் குறைவு. சீமைக்கொன்றைத் தழை வயலுக்கும் உரமாகும்.

ஆண்டுதோறும் சித்திரையில், இடவப்பாதி மழை தொடங்கு முன்னர், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சாண் மண்ணை விலக்கி, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அக்காலை உடனே மாற்றுக. கறையான் புற்று ஏறியிருந்தால் அதை இடித்து, உள்ளே மரம் எவ்வளவு போயிற்று என்று பாருங்கள். அரை நாள் வேலைதான். ஆயினும் அந்த அரை நாள், அடைமழையில் நள்ளிரவில் கூரையைத் தாங்கிப் பிடித்து நிற்கும் அவலத்தைத் தவிர்க்கும். வந்த ஊரில் வியர்வை சிந்தி எழுப்பியதை, அவ்வூரின் மழையறிந்து காப்பதே அறிவுடைமையாகும்.