மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சிறுநீர் வைத்தியம்

காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கூட வந்த மகள்தான் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: ஏதோ முகாமில் சொன்னார்கள் என்று காலைச் சிறுநீரைக் குடித்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. ஊரும் நோயும் மாறலாம், கதை இதுவேதான். வெட்கத்தால் இதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். மறைப்பதால் வைத்தியமும் தவறிப்போகிறது.

'சிவாம்பு' என்ற பெயரில் நடக்கும் இந்தப் பழக்கத்துக்கு முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாயைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் குடித்தார், அதை வெளிப்படையாகச் சொன்னார், 99 வயதுவரை வாழ்ந்தார். எல்லாம் உண்மை. மதுவைத் தொடாமல், சைவ உணவோடு, கட்டுப்பாடாக வாழ்ந்தவர் என்பதும் உண்மை. ஒருவர் நீண்ட காலம் வாழ்ந்தார் என்பது எந்த மருந்துக்கும் நிரூபணம் ஆகாது. 2025இல் இந்தி நடிகர் பரேஷ் ராவல் தன் முழங்கால் காயம் இதனால் ஆறியதாகப் பேட்டி கொடுத்தார். அடிபட்ட முழங்கால் ஓய்விலும் ஆறும்.

சிறுநீரில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர். மீதி, சிறுநீரகம் வேண்டாமென்று வெளியேற்றிய யூரியா, கிரியாட்டினின், உப்புகள். அது கிருமியற்றது என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. நலமாக இருப்பவரின் சிறுநீர்ப்பையிலேயே பாக்டீரியா உண்டு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பசுவின் கோமியத்திலும் நோய்க்கிருமிகள் இருப்பதாக பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. 'சிறுநீரிலிருந்து மருந்தே எடுக்கிறார்களே' என்று கேட்பார்கள். எடுத்தார்கள்தான். யூரோகைனேஸ் என்ற மருந்தை, ஏராளமான சிறுநீரைச் சேகரித்துச் சுத்திகரித்துப் பிரித்து, ஊசியாக ஏற்றினார்கள். அதையே குடித்தால் வயிறு செரித்துத் தள்ளிவிடும்.

ஒரு வாய் குடித்ததால் நலமாக இருப்பவர் செத்துவிட மாட்டார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு, வெளியே போக வேண்டிய பொட்டாசியம் திரும்ப உள்ளே போகிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் உருமாறாமலே சிறுநீரில் வெளியேறுபவை, அவையும் திரும்புகின்றன. சிறுநீரைக் கண்ணில் விடுவது இன்னும் மோசம். பால்வினை நோய்க் கிருமி கண்ணுக்குப் போனால் பார்வையே பறிபோகலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, இதை நம்பி மருந்தை விடுவது. இன்சுலினை, காசநோய் மாத்திரையை, வலிப்பு மாத்திரையை எவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

தன் சிறுநீரைத் தானே குடிப்பது குற்றமல்ல. நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதுதான் குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம், பக்கவாதம், சிறுநீரகக் கல் எல்லாம் இருக்கின்றன. விளம்பரம் என்றால் அச்சிட்டது மட்டுமல்ல, ஒலிபெருக்கியில் வாயால் சொன்னதும் விளம்பரம்தான். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று நிலையத்தில் சொன்னால், சட்டத்தின் 9ஏ பிரிவைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் புகாரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. முகாமில் தந்த துண்டறிக்கையின் அசலை வைத்துக்கொண்டு நகலை இணையுங்கள். முகாம் நடந்த நாள், இடம், பேசியவர், வாங்கிய பணத்தின் ரசீது அல்லது ஜிபே பதிவு, எந்த நோய் தீரும் என்றார்கள் என்ற வாசகம் அப்படியே வேண்டும். வாட்ஸ்அப் செய்தி என்றால் அனுப்பிய எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவில்லாதவர் ஊசி போட்டாலோ மாத்திரை எழுதினாலோ அது தனிக்குற்றம். அதை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தனி மனுவாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இத்தகைய விளம்பரங்களைப் பற்றி மக்கள் புகார் கொடுக்க இரண்டு மாதத்தில் வழி செய்யுங்கள் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எழுபது ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் தார்க்குச்சி எடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

மருந்துச் செலவுக்குப் பயந்துதான் பலர் இந்த வழிக்குப் போகிறார்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் அடங்கும். அதற்குக் குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே மருந்தை நிறுத்தியிருந்தால், குடித்ததையும் நிறுத்தியதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலின் நிறுத்தியவருக்கு வாந்தியோ, மூச்சு வாங்கலோ, நினைவுக் குழப்பமோ கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.