திரும்பும் படகை முதலில் பேசுங்கள்

வெனிஸ் நகரத்தில் கால்வாய்தான் தெரு. ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எந்தப் படித்துறை என்று சொல்லி முன்கூட்டியே வாடகைப் படகு பேசிவிடுவார்கள். சிலாங்கூரிலும் தண்ணீர்மேல் நிற்கும் ஊர் உண்டு: கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் கெத்தாம் தீவு. கால் நட்ட வீடுகள், கார் கிடையாது.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வேன் பிடித்துக் குடும்பத்தோடு போகிறவர்கள், போகும்போது திரும்புவதை யோசிப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு ஜெட்டிக்கு வந்தால் கடைசிப் படகு போயிருக்கும். பிறகென்ன? தனிப்படகுதான். இருட்டும் நேரத்தில் சொன்னதுதான் விலை.

ஆகவே, தீவில் இறங்கியதுமே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தனிப்படகு வேண்டுமென்றால், வெளிச்சம் இருக்கும்போதே நான்கு கேள்விகள். கட்டணம் ஆளுக்கா, படகுக்கா? வேன் நிற்கும் ஜெட்டியிலேயே இறக்குவார்களா? எத்தனை பேர் ஏறலாம்? உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும், பிள்ளைகள் அளவிலும் உண்டா?

பத்துப் பேர் படகில் பதினைந்து பேர் ஏறினால் ஆளுக்குச் சில வெள்ளி மிச்சமாகும். அந்தப் படகில்தான் பாட்டியும் பேரப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். விலையில் பேரம் பேசலாம். ஆள் கணக்கில் கூடாது.