எந்தச் சந்திப்பை முதலில் சீராக்குவது?

மட்டாஞ்சேரியின் கடைவீதியில் அரிசி, மசாலாக் கிடங்குகளின் முன் சரக்கு லாரிகள் நிற்பது வழக்கமான காட்சி. தெருமுனையை ஒட்டி ஒரு லாரி நின்றுவிட்டால், குறுக்குத் தெருவிலிருந்து வரும் ஸ்கூட்டர் நம் கண்ணில் படுவதற்குள் அருகில் வந்துவிடுகிறது. எந்த முனை ஆபத்தானது என்பதை அங்கு வாழ்வோர் நன்கறிவர். ஆயினும், அரசின் பட்டியலில் ஓரிடம் சேர்வதற்கு வேறு கணக்கு உண்டு.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தொலைவுக்குள், 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நேர்ந்திருந்தால், அதனை ‘விபத்துக் கரும்புள்ளி’ என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரையறுத்தது. ஓராண்டுக் கணக்கு தற்செயலாக உயரலாம், தாழலாம். எனவே 3 ஆண்டுகள்.

இக்கணக்கு விரைவுச் சாலைகளுக்குப் பொருந்தும். பழைய நகரின் குறுகிய தெருக்களில் வேகம் குறைவு. காயங்களும் பெரும்பாலும் சிறியவை. அங்கேயே சமாதானம் பேசிப் பிரிந்துவிடுவதால் பல விபத்துகள் காவல் நிலையத்தை எட்டுவதேயில்லை. ஆகவே பொறியாளர்கள் வாகனப் பெருக்கத்தையும் மோதல் புள்ளிகளையும் சேர்த்தே எண்ணுகின்றனர். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32; மூன்று சாலைகள் கூடினால் 9; நான்கு சாலைகளுக்கு நடுவே ஒருவழித்தட வட்டச்சுற்று அமைத்தால் 8 மட்டுமே.

அடுத்த கேள்வி பணம். கடன் விண்ணப்பங்களை எடைபோடும் எங்களுக்கு இது பழகிய கணக்குத்தான்: குறைந்த செலவில் மிகுந்த உயிர்களைக் காக்கும் பணி முன்னே வரவேண்டும். கொச்சியின் வைற்றிலா, குண்டன்னூர் மேம்பாலங்கள் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டன. அவை பெருஞ்செலவுப் பணிகள். மட்டாஞ்சேரித் தெருமுனைக்கோ நிறுத்தக்கோடு, பாதசாரிக் கடவை, முனையருகே வாகனம் நிறுத்தத் தடை ஆகியவையே பெரும் மாற்றம் தரக்கூடும்.

ஆனால் பதிவு இல்லாத இடத்துக்குப் பணம் ஒதுக்குவது கடினம். விபத்தில் எவரேனும் காயமுற்றால், ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டுமென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கத்தில் பங்கேற்ற மின்னணு விபத்துத் தரவுத்தளத்தில், காவலர்கள் விபத்து நடந்த இடத்தைத் துல்லியமாகப் பதிகின்றனர். நாம் புகார் தரும்போது ‘மட்டாஞ்சேரி’ என்று மட்டும் எழுதாமல், எந்த இரு தெருக்கள் கூடும் முனை, என்ன நேரம், மழை பெய்ததா, லாரி பார்வையை மறைத்ததா என்பவற்றையும் எழுதித் தருவோம்.